மாத்திரைத் தோலும் ஒரு முன்பல்லும்

டாக்டர்: ...இன்னும் கொஞ்சம் அகலமா. அப்படித்தான். முதல்ல ஆட்டித்தான் பார்க்கப் போறேன். பிடுங்கறதா வேண்டாமாங்கறது அப்புறம்.

அத்தான்: ஆஆ... ங்ங...

மாப்ள: "அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க"ங்கறார் டாக்டர்.

டாக்டர்: நீங்க யாரு, இவரோட வக்கீலா?

மாப்ள: மச்சினன். இவர் பொண்டாட்டியோட தம்பி. பேண்டுல இவர் ட்ரம்பெட் ஊதறார், நான் பின்னாடி உட்கார்ந்து டிரம்ஸ் அடிக்கிறேன். அக்காவுக்கு வெளியூர்ல வேலை. அதனால இவருக்குச் சமைக்கிறது, துணைக்கு வர்றது, பயப்படறது எல்லாம் என் பொறுப்பு.

அத்தான்: ஊ... ஆஆ!

மாப்ள: பயமெல்லாம் இல்லையாம். நாற்காலிக் கைப்பிடியைக் கொஞ்சம் பாருங்க, பிழிஞ்சா சாறு வரும்.

டாக்டர்: போன தடவை இந்த முன்பல் நல்லாவே ஆடிச்சு. ஈறு வீங்கி, தொட்டாலே ரத்தம். உள்ள வரைக்கும் சுத்தம் பண்ணி, மாத்திரை எழுதிக் கொடுத்து, மூணு மாசம் பார்ப்போம், நிக்கலைன்னா எடுத்துடலாம்னு சொன்னேன்.

மாப்ள: எடுத்துட்டா அவ்வளவுதான் டாக்டர். மவுத்பீஸ் போய் அழுந்தறதே அந்தப் பல்லு மேலதான். அது போச்சுன்னா ஊதற காத்து சந்து வழியா ஓடிடும். அப்புறம் இவருக்கு பேண்டுல கிலுகிலுப்பை ஆட்டற வேலைதான்.

அத்தான்: ங்ஙா!

மாப்ள: இதை நான் மொழிபெயர்க்க மாட்டேன். லேடி டாக்டர் முன்னாடி நல்லா இருக்காது.

டாக்டர்: கொஞ்சம் பேசாம இருங்க ரெண்டு பேரும்... இந்தப் பக்கம்... ம்... அழுத்தறேன், வலிக்குதா?

அத்தான்: ம்ஹூம்.

டாக்டர்: அட...

மாப்ள: என்ன அட? நல்ல அட-வா, கெட்ட அட-வா?

டாக்டர்: ஆடலை.

மாப்ள: பல்லா?

டாக்டர்: பின்னே, நாற்காலியையா சொல்றேன்? நல்லா நிக்குது. ஈறும் இறுகியிருக்கு, ரத்தம் இல்லை. வாயை மூடிக்கலாம் சார். இதை எடுக்க வேண்டியதில்லை.

அத்தான்: ஆஆ?

மாப்ள: அத்தான், வாயை மூடச் சொல்றாங்க.

அத்தான்: டாக்டர்... உங்க கையைக் கொடுங்க.

டாக்டர்: கையுறையில எச்சில் சார்.

அத்தான்: என் எச்சில்தானே, பரவாயில்லை. நீங்க நல்லா இருக்கணும் டாக்டர். மூணு மாசமா ஒவ்வொரு கச்சேரியிலயும் இதுதான் கடைசின்னு நினைச்சே ஊதினேன். பாட்டு முடிஞ்சதும் நாக்கால தடவிப் பார்ப்பேன், இருக்கா போயிடுச்சான்னு.

டாக்டர்: எனக்கு மட்டும் நன்றி சொல்லாதீங்க. ரெண்டு வேளையும் ஒழுங்கா தேய்ச்சிருக்கீங்க. ரத்த ரிப்போர்ட்டும் நல்லா வந்திருக்கு. அன்னிக்கு வைட்டமின் டி தரையில படுத்துக் கிடந்துச்சு, இப்போ எழுந்து உட்கார்ந்திருக்கு. மாத்திரையை விடாம சாப்பிட்டீங்கதானே?

அத்தான்: ஒண்ணு விடலை. ஒரு சின்னத் திருத்தத்தோட.

டாக்டர்: என்ன திருத்தம்?

அத்தான்: உள்ள எண்ணெய் இருக்கே டாக்டர், பளபளன்னு... குண்டூசியால ஒரு குத்து குத்தி, எண்ணெயைப் பிழிஞ்சு எடுத்துட்டு, மாத்திரையை மட்டும் முழுங்கிடுவேன்.

டாக்டர்: மாத்திரையை மட்டும்னா?

அத்தான்: தோலை.

மாப்ள: டாக்டர், தண்ணி குடிக்கறீங்களா?

டாக்டர்: சார், மாத்திரையே அந்த எண்ணெய்தான்! தோல் வெறும் உறை. நீங்க பழத்தைத் தூக்கிப் போட்டுட்டு மூணு மாசமா வாழைப்பழத் தோலைத் தின்னிருக்கீங்க.

அத்தான்: தூக்கியெல்லாம் போடலை. வீணாக்குவேனா? ட்ரம்பெட் பொத்தான் கொஞ்சம் சிக்கிச்சு, அதுக்கு விட்டேன்.

மாப்ள: அதான் ட்ரம்பெட்டுக்கு எலும்பு நல்லா கெட்டிப்பட்டிருக்கு.

டாக்டர்: சிரிக்காதீங்க! ஏ, டி, ஈ, கே... இந்த நாலு வைட்டமினும் தண்ணியில கரையாது சார், கொழுப்புலதான் கரையும். சாப்பாட்டுல கொஞ்சமாவது கொழுப்பு இருந்தாத்தான் உடம்புல ஒழுங்கா ஏறும்.

அத்தான்: பல்லுக்கும் அதுக்கும் என்ன டாக்டர்? நான் கால்சியத்துக்குன்னு கீரை தின்னேனே...

டாக்டர்: கீரை வாசல் வரைக்கும் வந்துடும். கதவைத் திறக்க டி வேணும். அது இல்லைன்னா நீங்க தின்ன கால்சியத்துல முக்கால்வாசி வந்த வழியே போயிடும். பல்லைப் பிடிச்சு நிக்க வைக்கறது தாடை எலும்பு. ரத்தம் உறையறதுக்குக் கே வேணும், வாய்க்குள்ள இருக்கற தோலுக்கு ஏ வேணும்...

மாப்ள: ஈ?

டாக்டர்: அதுக்கும் வேலை இருக்கு, விடுங்க. சாப்பாடு மட்டுமே பல்லைக் காப்பாத்திடும்னு நான் சொல்லலை. தேய்க்கணும், சுத்தம் பண்ணிக்கணும். ஆனா உடம்புல சரக்கு இல்லைன்னா நான் எவ்வளவு சுரண்டினாலும் ஈறு ஆற மாட்டேங்கும். ஏன் சார் எண்ணெய் மேல அவ்வளவு கோபம்?

அத்தான்: கோபம் இல்லை டாக்டர். பயம்.

மாப்ள: அத்தான், விடுங்க...

அத்தான்: இருக்கட்டும்டா. எங்க அண்ணன்... மாரடைப்பு. சாப்பாட்டு மேசையிலேயே. எதிர்ல நான் உட்கார்ந்திருந்தேன், தட்டுல பொரிச்சது இருந்துச்சு. அதுக்கப்புறம் இதய டாக்டர்கிட்ட போய் என்னையும் காட்டினேன். "உங்களுக்கு ஒண்ணுமில்லை, பொரிச்சதைக் குறைச்சுக்கோங்க"ன்னார். நான் எல்லாத்தையும் நிறுத்திட்டேன். வெண்ணெய், முட்டை மஞ்சள் கரு, மீன், பால்ல இருக்கற கொழுப்பு... ஒரு சொட்டு என் கையால எடுத்துப் போட்டுக்கிட்டது கிடையாது.

டாக்டர்: புரியுது சார்... ஆனா அப்போ இந்த ரிப்போர்ட்? தோலைத் தின்னவருக்கு டி எப்படி ஏறும்? ஆள் மாறிப் போச்சா? ரத்தம் உங்களோடதுதானே?

அத்தான்: என் பொண்டாட்டி செஞ்ச புண்ணியமா இருக்கும்.

டாக்டர்: புண்ணியத்துல எந்த வைட்டமினும் வராது. எனக்குக் காரணம் தெரியணும். தெரியாம எதைத் தொடரச் சொல்றது, எதை நிறுத்தச் சொல்றது? விட்டா திரும்பவும் ஆட ஆரம்பிக்கலாம்.

மாப்ள: ...டாக்டர்.

டாக்டர்: என்ன?

மாப்ள: அத்தானைக் கொஞ்ச நேரம் வெளியில உட்கார வைக்கலாமா?

டாக்டர்: அவர் பல்லு, அவர் இருக்கட்டும். சொல்லுங்க.

மாப்ள: அத்தான், நாற்காலியை விட்டு எழுந்திரிக்காதீங்க. அடிக்கறதா இருந்தா வீட்டுல வச்சு அடிங்க... இவர் குண்டூசியால குத்தறதை முதல் நாளே பார்த்துட்டேன் டாக்டர். மறுநாளே அதே மாத்திரை ஒரு டப்பா வாங்கினேன். தினமும் ஒண்ணு வெட்டி இவர் சூப்புல விட்டேன். கூடவே ஒரு துண்டு வெண்ணெய். கஞ்சியில மஞ்சள் கரு.

டாக்டர்: இவர் கண்டுபிடிக்கலையா?

மாப்ள: மஞ்சள் நிறத்துக்குப் பரங்கிக்காய்னு சொன்னேன்.

டாக்டர்: பால்?

மாப்ள: கொழுப்பு எடுத்த பால் பாட்டில் காலியானதும் கழுவி, அதுல நல்ல பாலை ஊத்தி வைப்பேன். அப்புறம்... காலையில மொட்டைமாடியில போய் ஊதுங்க, பக்கத்து வீட்டுக்காரர் திட்டறார்னு சொன்னேன். அவர் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போய் ஆறு மாசம் ஆச்சு. வெயில் படட்டும்னுதான்.

டாக்டர்: தம்பி, ஒருத்தருக்குத் தெரியாம அவர் தட்டுல எதையும் கலக்கறது தப்பு. அதுவும் மாத்திரையை! இதய டாக்டர்கிட்ட ஒரு வார்த்தையாவது கேட்டீங்களா?

மாப்ள: கேட்டேன். "அளவா கொடுங்க, ஆனா சொல்லிட்டுக் கொடுங்க"ன்னார். முதல் பாதி நல்லா காதுல விழுந்துச்சு.

டாக்டர்: சொல்லியிருக்கலாமே!

மாப்ள: சொன்னா நிறுத்திடுவார் டாக்டர். நிறுத்தினா பல்லு போயிடும். பல்லு போனா... ட்ரம்பெட்டைப் பெட்டியில வச்சு மூடிட்டு, அண்ணன் போட்டோவைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருப்பார். அண்ணன் போனப்போ அதை ஒரு வருஷம் பார்த்தாச்சு. அதுக்கு இந்தப் பொய் தேவலை.

டாக்டர்: சார்... உங்களுக்கு வருத்தமா?

மாப்ள: திட்டுங்க அத்தான். என்ன வேணா சொல்லுங்க. ஆனா சூப்பை மட்டும் நிறுத்திடாதீங்க.

அத்தான்: கொழுப்பு எடுத்த பால்ல அவ்வளவு கனமா ஏடு கட்டுமாடா, மடையா?

மாப்ள: ...என்ன?

அத்தான்: முதல் வாரமே தெரியும். அந்த ஏட்டைப் பார்த்ததும் நெஞ்சு திக்குன்னுச்சு... அப்புறம், இதை நான் போட்டுக்கலையே, வேற ஒருத்தன் போட்டதுதானேன்னு நினைச்சேன். தொண்டையில இறங்கிடுச்சு. தானா எடுத்துத் தின்ன எனக்குத் தைரியம் இல்லடா, யாராவது ஏமாத்தினாத்தான் முடிஞ்சுது. நீ சூப்பை இறக்கி வைக்கறப்போ எல்லாம் நான் ஜன்னல் பக்கம் போய்த் தெருவை வேடிக்கை பார்ப்பேனே, அங்க என்னடா இருக்கு பார்க்க? நீ பதறாம நிதானமா கலக்கணும்னுதான் போவேன்.