சொல்லாமல் விட்ட பிடி

முதுகுவலி பழகிவிட்டால் அதுவும் வீட்டு ஆள் மாதிரிதான். காலையில் நமக்கு முன்னால் எழுந்துவிடும். எனக்கு இடது விலாவுக்குக் கீழே. இருபத்தாறு வருடமாக வீடு மாறுகிறவர்களின் சாமான்களைத் தூக்குகிறேன். ஸ்டேஷனில் நாற்காலி கொடுத்தீர்கள், நல்லது. உட்கார்ந்தே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் தொழிலில் சட்டம் ஒன்றுதான். இரண்டு பேர் பீரோவோடு படியிறங்கும்போது கை வழுக்கினாலும் மூச்சு முட்டினாலும் "விடுறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் பிடியை விட வேண்டும். சொன்னால் கீழே நிற்கிறவன் ஒதுங்கிக்கொள்வான். சொல்லாமல் விட்டவனோடு மறுநாள் யாரும் ஜோடி சேரமாட்டார்கள். என் மனைவிக்கும் இது தெரியும். தினமும் நான் வீட்டுக்கு வந்து பேசுவது வேறென்ன?

அவள் துணி தேய்க்கும் கடையில் நின்றே வேலை பார்த்தவள். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். அவள் தம்பியின் ரத்தம் சேரவில்லை, என்னுடையது சேர்ந்தது. ஒன்றைத் தருகிறேன் என்று நான்தான் சொன்னேன். யாரும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. இடது பக்கத்தை எடுப்பதாகச் சொன்னார்கள். கையெழுத்துப் போட்டேன்.

மூன்று மாதம் பாரம் தூக்கக்கூடாது, பிறகு பழையபடி தூக்கலாம் என்றார் டாக்டர். அவரை நம்பினேன். ஆனால் என் அப்பாவும் மூட்டை தூக்கியவர். ஒரு ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவே இல்லை. அவர் தட்டில் சாப்பாடு நாளுக்கு நாள் குறைந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

வியாழக்கிழமை ஆபரேஷன். செவ்வாய் காலை ஆஸ்பத்திரிக்கு போன் செய்து, அவள் பயப்படுகிறாள், இரண்டு வாரம் கேட்கிறாள் என்றேன். அவளிடம், "டாக்டர் தள்ளி வெச்சிருக்காரு. முதல்ல உடம்பு ஓய்வெடுக்கணுமாம். எங்கயாவது போயிட்டு வருவோம்" என்றேன். ஆளுக்கொரு பொய், அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"நீங்களா லீவு போட்டீங்க? இன்னைக்கு மழை கொட்டப்போகுது" என்றாள்.

முதலாளியின் பழைய வேனைக் கேட்டு வாங்கி, பின்னால் மெத்தை போட்டேன். இலையுதிர் காலம். சாலை முழுக்க மஞ்சள் இலை. முன்கண்ணாடியில் வந்து ஒட்டியதைத் துடைக்கப் போனால் விடமாட்டாள். "இருந்துட்டுப் போகட்டும். அதுவும் நம்மகூட ஊர் பாக்கட்டும்."

புதன்கிழமை டயாலிசிஸ் செய்ய வேண்டும். போகிற வழியில் இடம் இல்லாமல் இல்லை. ஆனால் எங்கே போனாலும் அவளுடைய ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு விவரம் கேட்பார்கள், ஆபரேஷன் பேச்சு வரும். அதனால் இன்னொன்று சொல்ல வேண்டியதாயிற்று. "இது புது மாத்திரை. பத்து நாளைக்கு மிஷின் வேணாமாம்." அது வழக்கமாகப் போடுகிற சுண்ணாம்புச் சத்து மாத்திரைதான். அவள் போனை அணைத்து என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். ஓய்வுக்கு வந்த இடத்தில் போன் எதற்கு?

"நிஜமாவா? அப்ப தண்ணி?"

ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் அவளுக்கு. அளந்து அளந்து நாக்கை நனைப்பாள். ஒரு பாட்டிலை அப்படியே நீட்டினேன். பாதி பாட்டிலில் மூச்சு வாங்கி, மறுபடி குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "தண்ணி இவ்வளவு ருசியாவா இருக்கும்?" என்றாள். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருந்தால் இத்தனை கேள்வி கேட்கமாட்டீர்கள். அவள் அந்தப் பயணத்தில் சந்தோஷமாக இருந்தாள். இதையும் எழுதுங்கள்.

சனிக்கிழமை கால் வீங்கிச் செருப்பு ஏறவில்லை. வாரை அறுத்துக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை படுத்தால் மூச்சு வரவில்லை என்றாள். முதுகுக்கு மெத்தையைச் சுருட்டி வைத்து உட்காரவைத்தேன். தூக்குகிறவனுக்குத் தெரியும், எங்கே முட்டுக்கொடுத்தால் பாரம் நிற்கும் என்று.

திங்கட்கிழமை மதியம் ஒரு லாட்ஜ். மாடியில்தான் அறை இருந்தது. அவளை இரண்டு கையிலும் ஏந்திப் படியேறினேன். வீட்டிலிருந்து கிளம்பியபோது இருந்ததைவிட நல்ல கனம். எல்லாம் தண்ணீர். எட்டாவது படியில் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, மூச்சுக்கு நடுவே சிரித்தாள்.

"விடுறதா இருந்தா சொல்லிட்டு விடுங்க."

"உன்னை விடுவேனா?" என்றேன்.

படித் திருப்பத்தில் ஒரு ஜன்னல். அதன் வழியாக எதிர்ச்சாரியில் ஒரு ஆஸ்பத்திரி போர்டு தெரிந்தது. டயாலிசிஸ் என்று தனியாக எழுதியிருந்தார்கள். திரும்பி இறங்கினால் பத்து நிமிடம். அவளும் பார்த்தாளா என்று தெரியாது. நான் பார்த்தேன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்து, மீதிப் படிகளையும் ஏறிவிட்டேன்.

செவ்வாய் காலை, ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே போய்விட்டாள். பக்கத்தில் பாட்டிலில் கால்வாசி தண்ணீர் இருந்தது.

அவள் தம்பி நான் கொலை செய்ததாகச் சொல்கிறான். நான் தள்ளிப்போட்டேன், அவ்வளவுதான் என்று நேற்றுவரை சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் வாரை அறுத்த அன்றே எனக்குத் தெரியும். தெரிந்துதான் அடுத்த பாட்டிலை வாங்கினேன். நான்தான் செய்தேன்.

உங்கள் டாக்டர் நேற்று என்னைச் சோதித்தார். இரண்டும் நன்றாக வேலை செய்கின்றனவாம், வலி வெறும் தசைப்பிடிப்பாம். இப்போதே ஒரு பீரோ தூக்கலாம். அவளுக்கு நான் கொடுக்க வேண்டியது ஒன்று பாக்கி. ஒரு சிறுநீரகம், இடது பக்கத்தது. இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.