டேப்பின் மறுமுனை

மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும். விமான நிலையத்துக்குப் பின்னால் வயல்களைப் பிளந்து போகும் ரோடு... அந்த நேரத்தில் ஈ காக்கை இராது. நெருங்கி உட்காருங்கள். இது என் சிநேகிதனின் மாமாவுக்கு நடந்தது.

மாமா விமான இறக்கைகளைச் சோதிக்கும் இன்ஜினியர். அவர் மனைவி விமானி. அந்த ரோட்டோரம் விழுந்து எரிந்த விமானத்தை ஓட்டியவர் அவர்தான். ஒருவரும் பிழைக்கவில்லை. விசாரணை அறிக்கை பழியை அந்த அம்மாள் தலையில் கட்டியது. மூடுபனியில் தாழப் பறந்தாராம். இறக்கையின் இரண்டு நுனிகளும் ஒரே சமயத்தில் இரண்டு மரங்களில் மோதினவாம்.

நுனிக்கு நுனி இருபத்தெட்டு மீட்டர் என்பது மாமாவுக்கு மனப்பாடம். முறிந்து நின்ற மரங்களோ இன்னும் தள்ளி இருப்பதாகக் கண்ணுக்கே தெரிந்தது. அப்படியானால் ஒரே விமானம் இரண்டையும் ஒன்றாகத் தொட்டிருக்க முடியாது. இறக்கை வானத்திலேயே பிய்ந்திருக்க வேண்டும். பகலில் காவல்காரர்கள் அளக்க விடவில்லை. இரவில் துணைக்குக் கூப்பிட்டால் சொந்தத்தில் ஒருத்தனுக்கு முழங்கால் வலி, ஒருத்தனுக்கு மாமியார் வருகை. தனியாகவே போனார்.

கருகிய மண் வாடை. அதற்கடியில் எண்ணெய் நெடி... முதல் மரத்தில் ஆணி அடித்து, டேப்பின் முனையை மாட்டிவிட்டு, அடுத்த மரத்தை நோக்கி நடந்தார். சர்ர்... முனை கழன்றது. திரும்பிப் போய் மாட்டினார். பாதி தூரத்தில் மறுபடி கழன்றது. இதைப் பிடிக்கக்கூட நமக்கு நாதியில்லையே என்று அங்கேயே உட்கார்ந்து அழுதாராம் மனுஷன்.

அப்போது கையிலிருந்த டேப் இறுகியது. மெல்ல... தரையை விட்டு எழும்பி, விறைத்து நின்றது.

மாமா மூச்சுவிடாமல் பின்பக்கமாகவே நகர்ந்து இரண்டாவது மரத்தைத் தொட்டார். டார்ச் அடித்தார். முப்பத்து நான்கு.

"நீயா பிடிச்சிருக்கே?" என்றார்.

மறுமுனையிலிருந்து ஒரு கிழவரின் குரல் வந்தது.

"அவங்க இன்னும் இறங்கலைங்க. நாங்க எல்லாரும் இறங்கின பிறகுதான் இறங்குவாங்களாம்."

டேப் தொய்ந்து விழுந்தது.

மறுநாள் விசாரணை அதிகாரிகளிடம் அளவைச் சொன்னபோது, மறுமுனையை யார் பிடித்தது என்று கேட்டார்கள். "ஒரு பெரியவர்" என்றார். விடாமல் நடையாய் நடந்தார். கடைசியில் அவர்களே ஆள் வைத்து அளந்தார்கள். அதே முப்பத்து நான்கு. விமானி மேல் தவறில்லை என்று அறிக்கையைத் திருத்தினார்கள்.

அவளிடம் சொல்ல வேண்டுமே. அன்றிரவே போனார். ரோட்டோரம் காரைப் பூட்டிவிட்டு, ஆணியில் டேப்பை மாட்டி நடந்தார். கழன்றது. காத்திருந்தார். யாரும் பிடிக்கவில்லை. விஷயத்தை இருட்டைப் பார்த்து உரக்கச் சொன்னார். பதில் இல்லை. எல்லாரும் போய்விட்டார்கள்போல... வீட்டில் இருக்கும் தனிமையே தேவலை என்று தோன்றியதாம்.

டேப்பைச் சுருட்டும்போது தலைக்கு மேலே ஏதோ பெரிதாகக் கடந்தது. இன்ஜின் சத்தம் இல்லை. வெறும் காற்று... புல் மொத்தமும் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. அண்ணாந்தார். நட்சத்திரங்கள்தான்.

காருக்குத் திரும்பினார். பூட்டியது பூட்டியபடியே இருந்தது. கதவைத் திறந்து உட்கார்ந்தார். பக்கத்து இருக்கையில் ஆள் இல்லை. ஆனால் பெல்ட் மாட்டியிருந்தது. இருக்கையில் படியாமல், ஒரு சாண் முன்னால் விலகி, வளைந்து நின்றது.

மெல்ல... ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.