மேலப்பாளையத்தில் ஒரு சோலி

அம்பலவாணன்: இன்னும் என்னத்தை யோசிக்கீய டாக்டரய்யா? எனக்கு ஒத்தப் பிள்ளை...

டாக்டர்: யோசிக்கலை பிள்ளைவாள், பார்க்கறேன். கால் முறிஞ்சது பெரிசில்லை. நாடிதான் பிடிபட மாட்டேங்கறது. எப்படி விழுந்தான்?

அம்பலவாணன்: மேலப்பாளையம் ரோட்டுல வில்வண்டி அப்படியே குடை சாஞ்சிட்டு. நான் எதுத்தாப்புல வந்துக்கிட்டிருந்தேன்...

டாக்டர்: நீரா? அங்கே எதுக்கு?

அம்பலவாணன்: ஒரு சோலி... அது கெடக்கு. மூச்சு இழுக்கான் பாருங்க!

டாக்டர்: வயித்துக்குள்ளே ரத்தம் கசியறதோ என்னவோ. குளோரோபாரம் கொடுத்துத் திறந்து பார்த்துடறேன்.

பிரம்மநாயகி: திறக்காதீய!

அம்பலவாணன்: சும்மா இரி பிரம்மு. எம் மருமவ அய்யா, பயத்துல பேசுதா.

பிரம்மநாயகி: அவுக சட்டையைக் கழத்திப் பாருங்க. மேலெல்லாம் தடிச்சிருக்கும்.

டாக்டர்: அட... ஆமா. தட்டுத் தட்டா இருக்கு. மண்ணும் ரத்தமும் அப்பியிருந்ததுல கண்ணுல படலை. உதட்டு வீக்கத்தைக்கூட விழுந்த அடின்னுட்டேன். தொண்டையும் வீங்கிண்டு வரது... உனக்கு எப்படிம்மா தெரியும்?

பிரம்மநாயகி: போன ஆடியிலயும் இப்படித்தான்...

அம்பலவாணன்: அது குளவி கொட்டினதுல்லா? நீதானே சொன்ன?

பிரம்மநாயகி: ஆமா மாமா... குளவிதான்.

டாக்டர்: கொட்டின தடம் ஒண்ணும் காணோமே. வயிறும் இளகித்தான் இருக்கு. என்ன சாப்பிட்டான்?

அம்பலவாணன்: எங்க வீட்டுல என்னத்தைத் திம்பான்? சோறும் கீரைத்தண்டுப் புளிக்கறியும். முட்டையைக்கூட அடுக்களைக்குள்ள விட்டதில்ல. வேற தின்னவன் எவனும் என் படி ஏற முடியாது!

டாக்டர்: அம்மா, நீ சொல்லு. ஏதோ ஒத்துக்காமதான் உடம்பு இப்படிப் பொங்கறதுன்னா கத்தியைக் கீழே வெச்சுட்டு ஊசியை எடுப்பேன். இல்லேன்னா திறக்கணும். இந்த நாடிக்குக் குளோரோபாரம் கொடுத்தா... கண் முழிப்பான்னு சொல்ல மாட்டேன்.

பிரம்மநாயகி: றாலு.

அம்பலவாணன்: என்னது? இறால் மீனா?

பிரம்மநாயகி: மேலப்பாளையம் பாவா அண்ணாச்சி வீட்டுல றாலு தின்னுருக்காக. போன ஆடியிலயும் அதேதான். இன்னைக்குத் தின்னதை, வாசல்ல நிக்கிற பாவா அண்ணாச்சி இப்பதான் சொன்னாக. என்னைக் களக்காட்டுக்கு எங்கய்யா வீட்டுக்கு அனுப்பினாலும் சரி மாமா... ஊசியைப் போடுங்க டாக்டரய்யா!

டாக்டர்: நர்ஸ் யூனிஸ்! கத்தியெல்லாம் வேண்டாம். அட்ரினலின் கொண்டா... சீக்கிரம்! கையைப் பிடிச்சுக்கோ.

அம்பலவாணன்: ஒண்ணும் காணலியே அய்யா...

டாக்டர்: பொறுத்துக்கும்.

அம்பலவாணன்: இன்னும் அப்படியேதான்...

பிரம்மநாயகி: இல்ல மாமா. இழுப்பு குறையுது. உதட்டைப் பாருங்க, நீலம் மாறுது.

டாக்டர்: ஆமா, நாடி விரலுக்கு வரது. வண்டி சாஞ்சதே இதனாலதான் இருக்கும் பிள்ளைவாள். தலை சுத்தி, கயித்தை விட்டிருப்பான். நான் அடியாலதான் இதெல்லாம்னு நினைச்சேன். திரும்ப இழுத்தா உடனே கூப்பிடுங்கோ. காலுக்குக் கட்டப் பலகை எடுத்துண்டு வரேன்.

பிரம்மநாயகி: மாமா...

அம்பலவாணன்: பைய பேசு. தூங்கட்டும்.

பிரம்மநாயகி: இவுகளை நம்ம வீட்டுப் படி ஏற விடுவியளா? பாவா அண்ணாச்சி மேலயும் கோவப்படாதீய. இவுகளுக்கு அது ஆகாதுன்னு தெரிஞ்சு, கொடுக்கவே மாட்டாகளாம். வேற யாருக்கோ ஆக்கி மூடி வச்சிருந்தாகளாம். அவுக தொழுதுட்டு வாரதுக்குள்ள இவுக சட்டியைத் திறந்துட்டாக.

அம்பலவாணன்: ம்... அவசரக்குடுக்கை.

பிரம்மநாயகி: ஆமா... மேலப்பாளையத்துல உங்களுக்கு என்ன சோலி மாமா?

அம்பலவாணன்: ...அந்தச் சட்டி எனக்கு ஆக்கினது தாயி.