கனமில்லாத கைப்பிடி

ஹக்: ...அது மட்டுமில்ல வதூது, சிதம்பரம் ஸ்பேர் கடை கொளஞ்சியப்பன் இன்னும் ஒரு பெட்டி கேக்குறாரு. கார் கண்ணாடி ஏத்துற கைப்பிடின்னா இனிமே உன் பிளாஸ்டிக்தானாம்.

வதூது: பாத்தீங்களா மச்சான்! சீப்பு அச்சடிக்கிற ஷெட்டுல காருக்குச் சாமானான்னு சிரிச்சீங்களே.

ஹக்: நானா? உன் அக்காதான் சிரிச்சா.

வதூது: ரெண்டு பேருந்தான். இந்தக் கடலூர் உப்புக்காத்துல இரும்புக் கைப்பிடி ஒரு மழைக்குத் தாங்குதா? இது துருப்பிடிக்காது, அப்பளமாட்டம் லேசு... சரி, வாங்குனவங்க என்ன சொல்றாங்க?

ஹக்: கையில எடுத்தா... நல்ல கனமா இருக்காம்.

வதூது: கனமாவா?

ஹக்: ...ஒரு டீ சொல்லேன்.

வதூது: மச்சான். என்ன பண்ணுனீங்க?

ஹக்: கோவப்படாத. மொதல்ல கடைக்கு வந்தவன்லாம் உள்ளங்கையில தூக்கிப் போட்டுப் பாத்துட்டு, "பாய், பொம்மைக் கடைக்குக் கொண்டு போங்க"ன்னான். நம்மாளுங்களுக்குச் சாமான்னா கை கனக்கணும். அதான்... ஓட்டை போட்டு, மீன் வலையில கட்டுற ஈயக் குண்டைத் தட்டிச் சொருகி, அரக்கு வெச்சு அடைச்சிட்டேன்.

வதூது: அல்லாவே! லேசா இருக்குறதுதானே அதோட பெருமை! ஈயம் வெச்சு விக்கிறதுன்னா ஒண்ணுகூடத் தர மாட்டேன். கொளஞ்சியப்பன்கிட்ட சொல்லிடுங்க.

ஹக்: ரொம்பத் துள்ளாத. ஓட்டை போடுறப்ப டிரில்லு கிர்ருன்னு நின்னு போச்சு.

வதூது: டீ ரெண்டாவே சொல்லிடவா மச்சான்?

ஹக்: உள்ள இரும்புக் கம்பி! "பொட்டு இரும்பு கெடையாது"ன்னு சத்தியம் பண்ணுனவன் யாருப்பா?

வதூது: ஒடைஞ்சிடுமோன்னு பயம், மச்சான். மெல்லிசுக் கம்பிதான்...

ஹக்: நல்லாருக்குடா. நீ உள்ள இரும்பு வெச்ச, நான் பக்கத்துல ஈயம் வெச்சேன். பிளாஸ்டிக்க நம்புனவன்தான் எவனும் இல்ல.

வதூது: இப்ப நம்புறேன். இந்தப் பெட்டியில கம்பி கெடையாது. நீங்களும் கைய வெக்காம அப்படியே கொண்டு போய்க் குடுங்க.

ஹக்: ஒடைஞ்சா கொளஞ்சியப்பன் என் மூஞ்சியிலதான் விட்டெறிவாரு. வெறும் பிளாஸ்டிக் தாங்கும்னு எவன் வண்டியில மாட்டிப் பாத்த?

வதூது: உங்க அம்பாசிடர்லதான். டிரைவர் பக்கத்துக் கைப்பிடி. போன பெருநாளுக்கு மாட்டிக் குடுத்தேனே, அதுல மட்டும் கம்பி வெக்கல. உங்க முரட்டுக் கைக்கே இன்னும் ஒரு கீறல் விழல! வேற எவன் வண்டியில ஒடைஞ்சிருந்தாலும் ஊரே சிரிச்சிருக்கும். நீங்கன்னா என்னைத் திட்டித் தீத்திருப்பீங்க... ஆனா அக்காகிட்டகூடச் சொல்லியிருக்க மாட்டீங்க.