உறைந்த பச்சை

கடற்காற்று எந்த இரும்பையும் விட்டுவைப்பதில்லை, இன்ஸ்பெக்டர். எங்கள் ஆய்வகம் குருசுக்குப்பம் பக்கம் கடலைப் பார்த்த கட்டடம். கரைப்பான் அறையில் ஆவியை வெளியே தள்ளும் விசிறி துருப்பிடித்து நின்றபோது யாருக்கும் அது புதிதாகத் தெரியவில்லை. பழுதுபார்க்கக் கழற்றி அனுப்பினோம்.

என் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பொருளைக் குளோரின் உள்ள கரைப்பானில், பெரும்பாலும் கார்பன் டெட்ராகுளோரைடில், கரைத்து, திரவ நைட்ரஜனில் உறையவைத்து, காமாக் கதிரில் வைப்போம். கதிர் பட்டதும் கரைப்பான் மூலக்கூறு ஒன்றிலிருந்து எலக்ட்ரான் தெறிக்கும். பக்கத்துக் கரைப்பான் மூலக்கூறு அதைப் பிடித்துக்கொள்ளும், திருப்பித் தராது. அந்த இழப்பு கைமாறிக் கைமாறி, நாம் கரைத்த பொருளிடம் வந்து சேரும். அப்படி ஒரு எலக்ட்ரானைப் பறிகொடுத்து நிற்கும் மூலக்கூறுக்கு ராடிக்கல் கேட்டயான் என்று பெயர். வெளியில் கண் இமைப்பதற்குள் அழிந்துவிடும். உறைந்த குழாய்க்குள் மட்டும் நிறம் காட்டி நிற்கும். எழுபத்தெட்டாம் வருஷம் நான் கண்ட நிறம் பச்சை. வெளிநாடுகளில் என் பெயர் தெரிந்தது அந்தப் பச்சையால்தான்.

கொளஞ்சி என்னிடம் ஆராய்ச்சிக்கு வந்தவன். பஞ்சாலைத் தொழிலாளியின் மகன், மரியாதை தெரிந்தவன். ஒருநாள் மதியம் ஒரு குழாயைக் கொண்டுவந்து காட்டினான்.

"சார், இதுல நம்ம பொருளே போடல. வெறும் கரைப்பான்தான். இதுவும் பச்சையாத்தான் வருது."

"கரைப்பான் சுத்தமா இருந்திருக்காது."

"அதான் சார் நானும் சொல்றேன். அழுக்கோட நிறத்தப் பாத்துத்தான் நாம எழுதிட்டோம்னு தோணுது."

'நாம' என்றான். 'நீங்க' என்று சொல்லவில்லை. அவ்வளவு நல்ல பையன்.

இன்னும் சுத்தம் செய்து பார் என்றேன். எந்த ஆசிரியரும் அதைத்தான் சொல்லியிருப்பார். பகலெல்லாம் அந்தச் சின்னக் கரைப்பான் அறையில் உட்கார்ந்து கரைப்பானைக் காய்ச்சி வடித்தான். கொண்டுவந்து காட்டும்போதெல்லாம் போதாது என்றேன். இதற்குள் விசிறி பழுது நீங்கி வந்துவிட்டது. என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவன் கேட்டபோது, மெக்கானிக் இழுத்தடிக்கிறான் என்றேன். ஜன்னலைத் திறந்தால் கரைப்பானில் ஈரம் ஏறும் என்றும் சொன்னேன். அது பொய்யில்லை.

சாயங்காலம் அவன் கொஞ்சம் குடிப்பான். நம் ஊரில் அதை யார் குறையாகச் சொல்வார்கள்? அந்த ஆவி உடம்புக்கு ஆகாது என்று அவனுக்கும் தெரியும். மதுவும் சேர்ந்தால் ஈரல் என்ன ஆகும் என்பது எனக்குத்தான் தெரியும். வீராம்பட்டினம் தேரன்று அவன் வீட்டுக்கு நல்ல பிராந்தி ஒன்று கொண்டுபோனேன்.

"சாரே வாங்கியாந்தா நான் எப்பிடி வேணாங்கறது?" என்றாள் அவன் மனைவி தனக்கொடி. எல்லோரும் சிரித்தோம்.

ஐப்பசி மழையில் அவள் ஆய்வகத்துக்கு வந்தாள். "அவருக்குக் கண்ணு ரெண்டும் மஞ்சளா இருக்குது சார். கீழாநெல்லி அரைச்சிக் குடுக்கறேன், கேக்கல. சோறும் எறங்கல."

ஆஸ்பத்திரியில் சேர்த்ததே நான்தான். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வேலையில ஏதாவது கெமிக்கல் பொழங்கறாரா?" என்று கேட்டார்.

"குடிப்பான், டாக்டர்," என்றேன்.

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அந்த வாரமே கொளஞ்சி போய்விட்டான். கடைசியாக அவன் வடித்துவைத்த கரைப்பானை உறையவைத்துப் பார்த்தேன். பச்சை வரவில்லை. என் பொருளைப் போட்டும் பார்த்தேன். அப்போதும் வரவில்லை. மிச்சத்தைக் கீழே கொட்டிவிட்டேன்.

இத்தனை நாள் கழித்து ஏன் வந்தீர்கள் என்கிறீர்கள். வேறொரு நாட்டு ஆய்வகம் அந்தப் பச்சை அழுக்கின் நிறம்தான் என்று போன மாதம் அச்சிட்டுவிட்டது. இனிக் காப்பாற்ற ஒன்றுமில்லை. அலுத்துவிட்டது. கொளஞ்சியைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

கல்நெஞ்சன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தனக்கொடி கைக்குழந்தையோடு நின்றபோது, மேலே பேசி அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவன் நான். கரைப்பான் அறையில்தான் குப்பி கழுவுகிறாள். இன்று காலைகூட, தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது என்றாள். பயப்பட ஒன்றுமில்லை என்று தைரியம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அவள்தான் குடிப்பதில்லையே.