கடைசி வரிசைக்கும் கேட்கும்படி

முப்பத்து நான்கு ஆண்டுகள் சுற்றறிக்கைகளைச் சுமந்தும் சுருங்காத தோளே! தேர்வுகளின் சுழலில் சிக்கியும் சோர்வறியாச் சுடரே! கூரை ஒழுகிய நாளிலும் குரல் தளராத கோமகளே! பிள்ளைகள் பாதிப் பயத்தோடும் மீதிப் பாசத்தோடும் ‘பெரிய டீச்சர்’ என்று அழைக்கும் எங்கள் தலைமையாசிரியப் பெருமாட்டியே! வணக்கம்!

நிகழ்ச்சி நிரலின்படி இப்போது மணி நான்கு நாற்பது. வரவேற்புரை வழங்கியாயிற்று. அடுத்தது இம்மடல், அதற்கடுத்தது கையொப்பம், அதன்பின் தேநீர். இந்த வரிசையை நாங்கள் வரைய, வரி மாற்றாமல் ஒப்புதல் தந்தவர், முன்வரிசையில் நீலநிறக் கோப்பு ஒன்றை நெஞ்சோடு அணைத்து வீற்றிருக்கும் கல்வி அலுவலர் ஐயா அவர்கள். பாராட்டு மடலைப் பாதியில் நிறுத்தும் பண்பற்றவர் அல்லர் அவர் என்பதைப் பணிவோடு பதிவு செய்கிறோம்.

அந்தக் கோப்பில் இருப்பதை ஊரே அறியும். நம் பள்ளியின் அறுபத்து மூன்று பிள்ளைகளை, லாரிகள் பறக்கும் நெடுஞ்சாலைக்கு அப்பால் மூன்று கிலோமீட்டர் தள்ளியுள்ள பெரிய பள்ளியோடு இணைத்து, நம் வாசலைப் பூட்டும் தாள் அது. பணியிலுள்ள தலைமையாசிரியர் கையொப்பமிட்டால்தான் அது செல்லும். அதற்கு இன்றே கடைசி நாள். மாலை ஐந்து மணிக்குத் தாங்கள் ஓய்வு பெறுகிறீர்கள். சிக்கனத்தின் பெயரால் புது நியமனங்களைத் துறையே நிறுத்தி வைத்திருப்பதால், அந்த நாற்காலியில் நாளை அமர ஆளில்லை. பொறுப்பு ஆசிரியருக்கோ சாக்பீஸ் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம் மட்டுமே. ஆகவே இம்மடல் சற்றே நீண்டால், அது தங்கள் பெருமையின் நீளமேயன்றி வேறொன்றுமில்லை என்று அவையோர் அறிக!

கீழ்ப்படிதலின் கொடுமுடியே! வாரம் ஒரு தேர்வு நடத்துக என்று உத்தரவு வந்தது, நடத்தினீர்கள். வாரத் தேர்வுக்கு ஓர் ஆயத்தத் தேர்வு வேண்டும் என்று இன்னொன்று வந்தது, அதையும் நடத்தினீர்கள். தேர்வு நடத்தத் தெரியுமா என்று ஆசிரியர்களுக்கே ஒரு தேர்வு வந்தது. நால்வர் எழுதினோம், ஒருவர் தோற்றோம். யார் என்று சொன்னால் விளையாட்டு ஆசிரியர் கோபித்துக்கொள்வார். திங்கள் ஆயத்தம், செவ்வாய் தேர்வு, புதன் திருத்தம், வியாழன் மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றுதல், வெள்ளி மதிப்பெண் குறைந்ததற்கு விளக்கம். அந்த விளக்கத்தில், “பாடம் நடத்த நாள் கிடைக்கவில்லை” என்று ஒரே வரி எழுதினீர்கள். அனுமதிக்கப்பட்ட பன்னிரண்டு காரணங்களில் அது இல்லை என்று திரும்பி வந்தது. பட்டியலைப் படித்துப் பார்த்து, ‘வெள்ளம்’ என்பதற்கு நேரே குறியிட்டீர்கள். இரண்டாம் வகுப்பின் கூரை ஒழுகிக்கொண்டிருந்ததால் அது பொய்யும் இல்லை. கூரைக்காக ஒன்பது ஆண்டுகளாக எழுதியும் வராத உதவி, வெள்ளத்துக்கு ஒன்பதே நாளில் வந்தது: இரண்டு வாளிகள். அவை இன்றும் அந்த ஒழுகலின் அடியிலேயே அயராது பணியாற்றுகின்றன.

அப்படியானால் பிள்ளைகள் எப்போதுதான் படித்தார்கள்? காலை எட்டு மணிக்கு. எந்தச் சுற்றறிக்கையும் கண்விழிக்காத அந்த ஒரு மணி நேரத்தில், தாங்களே கேட்டைத் திறந்து, தாங்களே கரும்பலகையைத் துடைத்து, வந்த பிள்ளைக்கெல்லாம் வாசிக்கக் கற்றுத் தந்தீர்கள். இதை மட்டும் எந்தப் படிவத்திலும் நிரப்பவில்லை. அதற்குக் கட்டமே இல்லை.

நவீனத்தின் நாயகியே! ஸ்மார்ட் போர்டு ஒன்று வந்து சேர்ந்தது. அது மாட்டப்பட்ட சுவரில் பிளக் இல்லை. பிளக் இருந்த சுவரில் சன்னல் இருந்தது. ஆனால் அது வந்த அட்டைப்பெட்டி உறுதியானது. அதற்குள் பாய் விரித்து, கதைப் புத்தகங்களை அடுக்கி, ஒன்றாம் வகுப்புக்கு ஒரு வீடு கட்டித் தந்தீர்கள். “கருவி பயன்பாட்டில் உள்ளதா?” என்று கேட்டு வந்த படிவத்தில், “பெட்டி மட்டும், தினமும்” என்று உண்மையை எழுதினீர்கள். மூன்று பள்ளிகளிலிருந்து வந்து பெட்டியைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வாய்மையின் வடிவே! ஒவ்வொரு பள்ளியும் தன் தரவரிசையை வாசலில் எழுதி வைக்க வேண்டும் என்று ஆணை வந்தபோது, மற்ற பள்ளிகள் மல்லிகைக் கொடிக்குப் பின்னால் எழுதின. தாங்கள் ஆளுயரத்துக்கு எழுதினீர்கள்: “நூற்றுப் பன்னிரண்டு பள்ளிகளில் நூற்றுப் பன்னிரண்டாம் இடம்.” அதைப் பார்த்து லாரியை நிறுத்திய ஓட்டுநர் ஒருவர் உள்ளே வந்தார். “கடைசின்னு இவ்ளோ தைரியமா எழுதி வச்சிருக்கீங்களே, அப்ப மத்ததும் நெஜமாத்தான் இருக்கும்” என்று சொல்லித் தம் இரு மகள்களையும் சேர்த்துவிட்டுப் போனார். இன்று கடைசி வரிசையில் கைகட்டி அமர்ந்திருக்கிறார்.

அந்த நூற்றுப் பன்னிரண்டாம் இடத்திலிருந்து ஏறுவதற்கு வழி இல்லாமலும் இல்லை. அலுவலர் ஐயா அன்போடு ஒருநாள் காதோரம் சொன்னார்: “மெதுவாப் படிக்கிற அந்த ஆறு பசங்கள மட்டும் தேர்வன்னிக்கு வீட்லயே இருக்கச் சொல்லுங்க மேடம். ரேங்க் தானா ஏறிடும்.”

“தாராளமா சார். எழுத்துல குடுங்க, இன்னிக்கே செஞ்சுடறேன்” என்றீர்கள்.

எழுத்தில் அது வரவேயில்லை. ஆறு பேரும் தேர்வு எழுதினார்கள். அவர்களில் ஒருத்தி விடைத்தாள் முழுவதும் தன் பெயரையே எழுதியிருந்தாள். ஓராண்டு உழைத்துக் கற்ற எழுத்துகள் அவை. அதற்கு மதிப்பெண் விதியில் சுழியம். தாங்கள் அந்தத் தாளை அலுவலக அறைச் சுவரில் ஒட்டினீர்கள்.

விதிகளின் விளக்கே! ‘பள்ளியில் உரக்க வாசிக்கப்படும் எதுவும் கடைசி வரிசையில் ஒருவருக்கேனும் கேட்கவில்லையெனில், தலைப்பிலிருந்து மீண்டும் வாசிக்கப்பட வேண்டும்’ என்பது தேர்வுக் கையேட்டின் ஏழாம் விதி. லாரி இரைச்சலில் ‘சொல்வதெழுதுதல்’ பத்தியைத் தாங்கள் ஐந்து முறை வாசித்ததும், கண்காணிக்க வந்தவரே அதை மனப்பாடமாய் ஒப்பித்துக்கொண்டு வீடு திரும்பியதும் வரலாறு.

இங்கேதான் அம்மா, எங்களுக்கு ஓர் ஐயம். எழுத்தில் வந்த எதையும் தாங்கள் இதுவரை மீறியதில்லை. இன்று எழுத்தில் வந்திருக்கிறது, முத்திரையோடு வந்திருக்கிறது. தங்கள் மனத்தை நம்புகிறோம். தங்கள் கையைத்தான் நம்ப முடியவில்லை. ஆகவேதான் வலக்கையில் பூங்கொத்தையும், இடக்கையில் பழக்கூடையையும், மடியில் எங்கள் பரிசான சுவர்க்கடிகாரத்தையும் வைத்திருக்கிறோம். அதன் முகம் தங்களை நோக்கி இருப்பது தற்செயல். அலுவலர் ஐயா இந்நேரம் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கும் எங்கள் பாராட்டு: முப்பது பள்ளிகளுக்கு ஒரே ஜீப்பில் அலைந்து, தமக்கு மேலே உள்ளவர் கேட்ட எண்ணிக்கையை நிரப்பும் அவர் பாடும் பெரும்பாடே.

நோய் நொடி நெருங்காமல், மூட்டுவலி முன்னால் வராமல், படிவம் ஒன்றும் பின்னால் துரத்தாமல், காலை எட்டு மணிக்கு விழிப்பு வந்தாலும் திரும்பிப் படுத்துத் தூங்கும் பேற்றோடு நூறாண்டு வாழ்க! தங்களை நூறு மதிப்பெண்ணுக்குச் சோதிக்க இனி எவரும் வராதிருக்க வாழ்த்துகிறோம்!

இவ்வண்ணம்,
ஆசிரியர்கள் நால்வர், காவலாளி ஒருவர் மற்றும் நிரப்பப்படாத ஏழு பணியிடங்கள்.

(கண்ணாடிச் சட்டத்துக்குள் போகும் முன் அடியில் சேர்த்த குறிப்பு)

இருபது நிமிடம் ஆகும் என்று கணித்தவரும் வாசித்தவரும் கணக்கு ஆசிரியர். பயத்தில் பாய்ந்து வாசித்து நான்கு நாற்பத்தேழுக்கே முடித்துவிட்டார். கைதட்டல் ஓய்வதற்குள் அலுவலர் கோப்போடு மேடையில் இருந்தார்.

“இங்க ஒரு கையெழுத்து மேடம்.”

பெரிய டீச்சர் பூங்கொத்தைக் கீழே வைத்தார். பழக்கூடையையும் வைத்தார். பேனாவை வாங்கினார். எங்கள் உயிர் போயிற்று. மூடியைத் திறந்தவர் நிமிர்ந்து, எட்டு மணி வகுப்புக் குரலில் கேட்டார்: “கடைசி வரிசைல எல்லாருக்கும் கேட்டுச்சா?”

லாரி ஓட்டுநர் எழுந்தார். “எனக்கு ஒண்ணுமே கேக்கல டீச்சர்.”

“எனக்குந்தாம்மா” என்றார் அவர் பக்கத்தில் இருந்த காவலாளி.

“மேடம், இது தேர்வு இல்ல, பாராட்டு மடல்!”

“‘உரக்க வாசிக்கப்படும் எதுவும்’னு போட்டிருக்கு சார். உங்க துறை அச்சடிச்சதுதான். கணக்கு சார், தலைப்புல இருந்து படிங்க. அவசரமே இல்ல.”

இம்முறை கணக்கு ஆசிரியர் வியப்புக்குறிகளைக்கூட நிறுத்தி நிறுத்தி வாசித்தார். வாளிகள் வந்த இடத்தில் அலுவலரே லேசாகச் சிரித்துவிட்டார். “விதிகளின் விளக்கே!” என்ற இடத்தில் காவலாளி நழுவிப்போய் ஐந்து மணிக்கான மணியை அடித்தார்.

வாசித்து முடித்ததும் பெரிய டீச்சர், எழுத்தில் வந்ததை மீறாதவராய், கோப்பை வாங்கிக் கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டார். பதவி என்ற கட்டத்தில் ‘ஓய்வு பெற்றவர்’ என்று எழுதினார். மடியிலிருந்த கடிகாரத்தை ஒருமுறை பார்த்து, பக்கத்தில் நேரத்தையும் குறித்தார்: 5.03.