இரு துறைக்கும் நடுவே நின்ற பேராசிரியர் ரீத்தா அவர்களுக்குப் பணி ஓய்வு வாழ்த்து மடல்

இயந்திரத்துக்குக் கண்ணும் கணினிக்குக் கையும் தந்த பேராசிரியரே! வடக்கனந்தல் மண்ணின் மகளே! முகம் பார்த்துப் பேசாத இரு துறைகளை ஒரே அறையில் உட்காரவைத்த அம்மையீரே! வணக்கம்.

நம் கள்ளக்குறிச்சிக் கல்லூரியில் இயந்திரவியலையும் கணினி அறிவியலையும் இணைத்து முதுநிலைப் படிப்பைத் தொடங்கியவர் பேராசிரியர் ரீத்தா. அதற்கு அவர் வகுத்த வாய்மொழித் தேர்வு புதுமையானது. இயந்திரத்துறை ஆசிரியர் நிரலைப் பற்றிக் கேட்க வேண்டும். கணினி ஆசிரியர் பற்சக்கரத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். கேள்வி கேட்பதற்காகவாவது ஒருவர் பாடத்தை மற்றவர் படிப்பார் என்று நம்பினார். சில ஆண்டுகள் படித்தார்கள். பிறகு நேரமில்லை என்றார்கள். கடைசியில் இரண்டு நாற்காலிகளிலும் அவரே மாறி மாறி உட்கார்ந்தார்.

இந்த ஆண்டு தேர்வுக்கு ஒரே மாணவி, கல்வராயன்மலையிலிருந்து வந்த செல்லியம்மாள். ரீத்தா எழுந்து அடுத்த நாற்காலிக்கு மாறியபோது, "இப்ப நீங்க யாருங்க மேடம்? மெக்கானிக்கலா, கம்ப்யூட்டரா?" என்று அவள் சிரித்தாள். ரீத்தாவும் சிரித்தார். வீடு திரும்பும் பேருந்தில் அந்தக் கேள்வி அவரோடு கூடவே வந்தது. இத்தனை காலம் இரண்டையும் சேர்த்தோமா, இல்லை, யாரும் உட்கார வராத நாற்காலிகளை நிரப்பினோமா என்று எண்ணிக்கொண்டே போனார்.

புதிதாக ஒருவரும் சேரவில்லை. படிப்பை மூடிவிட்டார்கள். ரீத்தா ஒன்றே ஒன்று கேட்டார்: கூட்டு ஆய்வகத்தையாவது அப்படியே விட்டுவையுங்கள். அங்கேதான் மாணவர்கள் ஆண்டாண்டாய்ச் செய்து சேர்த்த இயந்திரக் கை இருந்தது. கேமராவால் மரவள்ளிக் கிழங்கைப் பார்த்து, அழுகியதை மட்டும் பொறுக்கிப் போடும் கை.

போன வாரம் அந்த ஆய்வகத்தை இரு துறைக்கும் இரண்டாகத் தடுக்கத் தச்சர் பிச்சைமுத்து பலகைகளோடு வந்தார். "இந்தக் கை எந்தப் பக்கம்மா போவுது?"

"எங்க பக்கம்" என்றார் இயந்திரத்துறைத் தலைவர் இளஞ்செழியன். "கம்ப்யூட்டர் எங்களுது" என்றார் கணினித்துறைத் தலைவர் டயானா.

"கண்ணு அந்தாண்ட, கை இந்தாண்ட இருந்தா அது எப்புடிங்க வேலை செய்யும்?" என்றார் ரீத்தா. "வயர் போவ ஒரு ஓட்டையாவது வுடச் சொல்லுங்க."

"எங்க பக்கம் ஏ.சி. போடறோம் மேடம். குளிரு வெளிய போயிடும்" என்றார் டயானா.

"நான் இன்னாம்மா பண்றது? சொல்ற எடத்துல அடிச்சிக்கினு போறவன்" என்றார் பிச்சைமுத்து.

ரீத்தா யாரையும் தொடவிடவில்லை. தாமே கையை நிறுத்தினார். இரு முனைகளிலும் வயரைக் கழற்றிச் சுருட்டினார். அதை எந்தப் பக்கம் வைப்பது என்று தெரியாமல் அறையின் நடுவே நின்றார். கடைசிப் பலகை ஏறும்போது பிச்சைமுத்து, "சித்த நவுந்துக்கிறீங்களாம்மா?" என்றார். அவர் நகர்ந்தார்.

அம்மையீர்! பணியில் தாங்கள் பெறாத துணையை வரும் நாள்கள் தங்களுக்குத் தரட்டும். உடலில் நோயும் உறக்கத்தில் இந்த அறையும் தங்களைத் தீண்டாதிருக்கட்டும். நெடுங்காலம் வாழ்க!

அன்புடன்,
இயந்திரவியல் துறை ஆசிரியர்கள்
கணினி அறிவியல் துறை ஆசிரியர்கள்
(தனித்தனியே கையொப்பமிட்டது)